பதினாலாம் வரிசை மேடு

நிற்கும்போது மீட்டரில் ஐம்பது வோல்ட்.
ஏரியைப் பார்த்த அந்த மேட்டில் ஏறினால்
முப்பத்தொன்பது.
பிறகு ஒரு முனகல். பிறகு அதுவும் இல்லை.
ஐந்து நிமிடம் சும்மா விட்டால்
பாட்டரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு
மிச்சத் தூரத்தை இழுத்துவிடும்.

துலூத் நகரின் மேல்விளிம்பில், இந்தக் கல்லறைத் தோட்டத்தில்
நடக்க முடியாதவர்களை
அவரவர் ஆட்களிடம் கொண்டுபோய் விடுவது என் வேலை.
பெயர் கோல்ஃப் வண்டி.
அது கோல்ஃப் பார்த்ததில்லை. நானும்தான்.

ஐந்து நிமிடம் என்ன செய்வார்கள் வந்தவர்கள்?
பக்கத்துக் கல்லைப் படிப்பார்கள்.
பதினாலாம் வரிசை, ஓரக்கல்:
எய்னோ சால்மெலா, 1893 – 1918.
இரும்புத்தாது ஏற்றும் துறையில் கூலி என்கிறது எங்கள் ஏடு;
உறவு என்ற கட்டத்தில் ஒரு கோடு.
'இருபத்தைந்து வயசு' என்பார் யாராவது.
எப்போதும் யாராவது சொல்வார்கள்.
வேறொருவருக்கென்று வாங்கிய கொத்திலிருந்து
ஒரு பூவை உருவி
உட்கார்ந்தபடியே எட்டிப் போடுவார்கள்.

ஏப்ரலில் பணம் ஒதுக்கினார்கள்.
ரோலி பெட்ராஷெவ்ஸ்கியும் நானும்
இருக்கையைத் தூக்கி வைத்தோம்.
'மோதிரத்தைக் கழற்று' என்றான்,
ஸ்பானரின் பிடியில் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டே.
ஆறு ஈயப் பெட்டிகள், ஒவ்வொன்றும் முப்பது கிலோ.
முனைகளில் பச்சையாய் உப்புப் பூத்திருந்தது;
சோடா மாவு தூவினோம், சீறியது.
எவனோ எந்தக் காலத்திலோ
முன்விளக்குக்கு முதல் இரண்டிலிருந்து மட்டும்
கம்பி இழுத்திருக்கிறான்.
முதலில் தளர்ந்தவை அந்த இரண்டும்தான்.
வரிசையாய்க் கோத்த ஆறில் இரண்டு சோர்ந்தால்
நாலு நல்லதும் சோர்ந்ததாகவே கணக்கு.
'எங்கள் வீட்டுக் கதை' என்றான் ரோலி.
அப்புறம் மதியம்வரை பேசவில்லை.

புதியது ஒற்றை லித்தியம் பெட்டி.
உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடுமாம்,
அதனால் வயிற்றடியில் ஒரு வெப்பத் தகடு.
அதைப் போய் இந்த ஊரில் வாங்கியிருக்கிறோம்.
பென்சில் தடிமன் கம்பிகளை எறிந்துவிட்டுக்
கட்டைவிரல் தடிமனில் மாட்டினோம்.
விளக்குகளுக்கு ஒரு குறைப்பான்:
மொத்தத்திலிருந்தும் வாங்கிப் பன்னிரண்டாக்கிக் கொடுக்கும்,
யாரோ இருவரை மட்டும் உறிஞ்சாமல்.
புது கன்ட்ரோலர். புது சொலினாய்டு.
பழைய சார்ஜரைத் தொடாதே என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.
சாவியைத் திருப்பினேன்.
டக்.
நூற்றுமுப்பது கிலோ இறங்கிய வண்டி
ஸ்பிரிங்குகளின் மேல் இரண்டு விரல்
உயர்ந்து நின்றது, புதுச் செருப்புப் போட்டதுபோல.

மேடு ஏறியது. ஏறியதே தெரியவில்லை.
பதினாலாம் வரிசை
கண்ணோரத்தில் ஒரு சாம்பல் கீற்று.

மே மாதம் முழுக்கப் பாராட்டுத்தான்.
ஜூனில் புல்வெட்டும் எந்திரத்தை அணைத்துவிட்டு
ரோலி சொன்னான்:
'முன்பெல்லாம் சால்மெலாவிடம் இறங்கிக்
காய்ந்ததைப் பொறுக்க வேண்டும்.
இப்போது நேராக ஓட்டிவிடுகிறேன்.'
நேரம் மிச்சம் என்றுதான் சொல்ல வந்தான்.
சொல்லவில்லை.

வியாழக்கிழமை லூசில் ஓபெர்க் வந்தார்.
இருபத்திரண்டாம் வரிசை, கணவர், மஞ்சள் டெய்சிகள்.
பாதி மேட்டில்
காலை மெல்ல எடுத்துவிட்டேன்.

'இதை இன்னும் சரிபண்ணலையா நீங்கள்?'
'ஏதோ கம்பி லூசாக இருக்கும்.'

எங்கள் இருவருக்கும் நடுவில் புது மீட்டர்,
பச்சை எழுத்தில்,
கிழக்குக் கரைவரை தெரிகிற வெளிச்சத்தில்:
தொண்ணூற்றொரு சதவீதம்.
மூக்குக் கண்ணாடியைத் தள்ளி அதைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஏரிக்காற்று ஒரு தடவை வந்து போனது.

'ஐந்து நிமிஷம் ஆகுமா?'
'ஆகும்.'

மடியிலிருந்த கொத்தின் ரப்பர் வளையத்தைக்
கழற்றத் தொடங்கினார்.